தன் முடிவை முன்கூட்டியே அறிந்திருந்த சங்கம்: அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் அமைப்பும் அதற்கான நினைவுச் சின்னங்களும்

வாஷிங்டன் நகரில் பென்சில்வேனியா அவென்யூவும் ஏழாம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு அருகில், ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள முக்கோண வடிவக் கிரானைட் தூண் ஒன்று நிற்கிறது. குதிரைமீது அமர்ந்த தளபதிகளின் சிலைகள் திரும்பிய பக்கமெல்லாம் தென்படும் அந்நகரில், இத்தூணில் பெரிய தளபதி எவரும் இல்லை. ஒரு பக்கத்தில் போர்வீரனும் கடற்படை வீரனும் சேர்ந்து நிற்கிறார்கள். இன்னொரு பக்கத்தில் குழந்தையை அணைத்துக் காக்கும் ஒரு பெண். மூன்றாவது பக்கத்தில் வாளும் கேடயமும் ஏந்திய ஒரு பெண். சகோதரத்துவம், அறம், விசுவாசம் என்ற மூன்று சொற்களுக்கான உருவங்கள் அவை. வட்டமான வெண்கலப் பதக்கத்தில் தெரியும் முகம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டீஃபன்சன் என்ற இராணுவ மருத்துவருடையது. 1909 ஜூலை 3 அன்று குடியரசுத் தலைவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் முன்னிலையில் திறக்கப்பட்ட இச்சின்னம் ஒரு போரையோ ஒரு வெற்றியையோ நினைவுகூரவில்லை. போர் முடிந்த பிறகு வீடு திரும்பியவர்கள் சேர்ந்து அமைத்த ஒரு சங்கத்தையும், அதைத் தொடங்கியவரையுமே அது கௌரவிக்கிறது.

அந்தச் சங்கத்தின் பெயர் கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக். பெயரில் படை இருந்தாலும் அது படை அன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் ஒன்றியப் படையில் பணியாற்றி முறைப்படி விடுவிக்கப்பட்டவர்களின் அமைப்பு. அமெரிக்காவின் சிற்றூர்களில் நகர மன்றத்துக்கு முன்னால் துப்பாக்கியை ஊன்றி நிற்கும் கல் வீரன், கல்லறைத் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் பீரங்கி, பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் சதுக்கம், கடற்கரையில் தொடங்கி மலைத்தொடர்களைத் தாண்டிப் போகும் ஒரு நெடுஞ்சாலை ஆகியவற்றில் பலவற்றின் பின்னால் இச்சங்கத்தின் கை இருக்கிறது. ஆனால் இன்றைய அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு அப்பெயர் எதையும் நினைவூட்டுவதில்லை. இத்தனை சின்னங்களை விட்டுச் சென்ற ஓர் அமைப்பு இவ்வளவு முழுமையாக மறக்கப்பட்டது எப்படி என்பது, நினைவுச் சின்னங்களின் இயல்பைப் பற்றியே நமக்குச் சிலவற்றைச் சொல்லித்தருகிறது.

ஸ்டீஃபன்சன் இல்லினாய் மாநிலத்தின் 14-ஆவது காலாட்படைப் பிரிவில் மருத்துவராக இருந்தவர். 1866 ஏப்ரல் 6 அன்று, அதே மாநிலத்தின் டிகேட்டர் நகரில் முதல் கிளை தொடங்கப்பட்டது. அந்தப் போரில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றியப் படையில் பணியாற்றியிருந்தார்கள். சுமார் 3,60,000 பேர் திரும்பவில்லை. கை கால் இழந்தவர்களுக்கும், கணவனை இழந்த பெண்களுக்கும், அநாதையான குழந்தைகளுக்கும் அரசின் உதவி போதாத நிலையில், கூட நின்று போரிட்டவர்களே ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்பது தொடக்கக் கால நோக்கம். அதோடு, வாக்குரிமை கொண்ட இத்தனை ஆண்களை ஒரே கூரையின் கீழ் திரட்டினால் அரசியலில் என்ன ஆகும் என்பதை உணர்ந்த குடியரசுக் கட்சித் தலைவர்களும் அதற்குள் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கட்சிச் சாயலும், உறுப்பினர்களை மூன்று படிநிலைகளாகப் பிரித்த குழப்பமான விதியும் சேர்ந்து, 1870-களின் நடுவில் உறுப்பினர் எண்ணிக்கையை முப்பதாயிரத்துக்கும் கீழே இறக்கின. ஸ்டீஃபன்சன் 1871-இலேயே இறந்துவிட்டார்; தான் தொடங்கியது தழைத்ததை அவர் பார்க்கவில்லை.

தழைத்தது 1880-களில். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, இளமையில் மறக்க விரும்பியவற்றை நடுவயதில் பேச விரும்பும் மனநிலை வந்தது. உடல் தளர்ந்ததால் ஓய்வூதியம் தேவைப்பட்டது. 1890-இல் உறுப்பினர்கள் நான்கு லட்சத்தைத் தாண்டினார்கள். கிராண்ட், ஹேய்ஸ், கார்ஃபீல்ட், பெஞ்சமின் ஹாரிசன், மெக்கின்லி என ஐந்து குடியரசுத் தலைவர்கள் இச்சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். போரில் ஏற்பட்ட காயமாக இல்லாவிட்டாலும், உடலுழைப்புக்கு இயலாமல் போன முன்னாள் வீரருக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1890 ஜூனில் நிறைவேறியதற்கு இச்சங்கத்தின் நெருக்குதல் முக்கியக் காரணம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய ஒரு மசோதாவைத் தடுத்த குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து, 1888 தேர்தலில் தோற்றார். அவரைத் தோற்கடித்த ஹாரிசனே புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 1890-களின் நடுவில் கூட்டரசின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஓய்வூதியத்துக்கே போனது. (அந்தப் போருக்காக அமெரிக்க அரசு கொடுத்துவந்த கடைசி ஓய்வூதியம், ஒரு வீரரின் மகளுக்கு மாதம் 73.13 டாலராகச் சென்றுகொண்டிருந்தது. 2020-இல் அவர் இறந்தபோதுதான் அந்தக் கணக்கு முடிந்தது.) நினைவுச் சின்னங்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பணக் கணக்கை ஒதுக்கிவிடக் கூடாது. நகர மன்றத்திடம் நிலமும், மாநிலச் சட்டமன்றத்திடம் நிதியும் கேட்டுப் பெறும் வலிமை எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே விடை.

இச்சங்கத்தை அன்றைய மற்ற சங்கங்களில் இருந்து பிரித்துக் காட்டிய விதி ஒன்று உண்டு. 1861 ஏப்ரல் 12 முதல் 1865 ஏப்ரல் 9 வரையிலான காலத்துக்குள் படையில் இருந்தவர்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். மகனோ பேரனோ சேர முடியாது. பிற்காலப் போர்களில் பங்கெடுத்தவர்களும் சேர முடியாது. கடைசி உறுப்பினரோடு அமைப்பும் முடிந்துவிடும் என்பது தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்ட விதி. மகன்களுக்கென்று 1881-இலும், பெண்களுக்கென்று 1883-இலும் தனித்தனித் துணை அமைப்புகள் உருவாயின. அவை வாரிசுகளாக இருந்தனவே தவிர, தாய்ச் சங்கமாக ஆகவில்லை. உயில் எழுதுபவரின் அவசரத்தோடு இச்சங்கம் கல்லிலும் வெண்கலத்திலும் முதலீடு செய்ததற்கு இதுவே அடிப்படை என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு எந்த நோக்கத்தோடு தொடங்கியிருந்தாலும், 1885-க்குப் பிறகு அதன் முதன்மையான வேலை நினைவை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதாகவே இருந்தது.

ஒப்படைத்தவற்றில் மிக நீண்ட ஆயுள் கொண்டது கல்லால் ஆனதல்ல, ஒரு நாள். 1868 மே 5 அன்று, சங்கத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜான் லோகன், மே 30 அன்று போரில் இறந்தவர்களின் கல்லறைகளில் மலர் தூவ வேண்டும் என்று தன் 11-ஆம் பொது ஆணையில் அறிவித்தார். அந்த ஆண்டு ஆர்லிங்டன் கல்லறையில் ஐயாயிரம் பேர் கூடினார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவராக வந்த ஜேம்ஸ் கார்ஃபீல்ட் உரையாற்றினார். கல்லறைகளில் மலரிடும் வழக்கம் லோகனின் கண்டுபிடிப்பு அல்ல. தெற்கிலும் வடக்கிலும் பல ஊர்கள் அந்த முதன்மைக்கு உரிமை கோருகின்றன. அவற்றுள் நம் கவனத்துக்கு உரியது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1865 மே 1 அன்று நடந்தது. போரின் கடைசி ஆண்டில் அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடல் ஒன்றியப் படைக் கைதிகளின் சிறையாக இருந்தது. அங்கே இறந்து கூட்டுக் குழியில் புதைக்கப்பட்ட 257 பேரை, அடிமைத்தளையில் இருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்கள் தோண்டி எடுத்து முறைப்படி அடக்கம் செய்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோர் மலர்களோடு ஊர்வலம் வந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே நாளைக் குறித்து, ஒவ்வொரு கிளையையும் அதற்குப் பொறுப்பாக்கியதுதான் லோகனின் பங்கு. நியூயார்க் மாநிலம் 1873-இல் அதை அரசு விடுமுறையாக்கியது. பிற வட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லாப் போர்களிலும் இறந்தவர்களுக்கான நாளாக அது விரிந்தது. 1971 முதல் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமைக்கு நகர்த்தப்பட்டு, மூன்று நாள் தொடர் விடுமுறையாகவும் கோடைக்காலத்தின் தொடக்கமாகவும் ஆகிவிட்டது. நினைவு நாள் இருக்கிறது. அதை ஏற்படுத்தியவர்களின் பெயர் அதில் இல்லை.

இனிக் கல்லுக்கும் உலோகத்துக்கும் வருவோம். 1880 முதல் 1915 வரை வட மாநிலங்களில் எழுந்த போர் நினைவுச் சின்னங்களின் எண்ணிக்கையும் பரவலும் அதற்கு முன்பு அந்நாடு கண்டிராதவை. இவற்றில் ஒரு பகுதி பெருநகரங்களின் பெருஞ்செலவுப் படைப்புகள். 1894-இல் கிளீவ்லாந்து நகரில் திறக்கப்பட்ட சின்னமும், 1902-இல் இண்டியானாபொலிஸ் நகரின் மையத்தில் 284 அடி உயரத்துக்கு எழுந்த சின்னமும் அவ்வகையின. ஆனால் இச்சங்கத்தின் உண்மையான முத்திரை சிற்றூர்களில் இருக்கிறது. உள்ளூர்க் கிளை சந்தா திரட்டும். பெண்கள் அமைப்பு விருந்தும் விற்பனையும் நடத்திப் பணம் சேர்க்கும். போதாததை நகர மன்றம் தரும். வெளிவரும் சிலை ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றுதான்: நீண்ட மேலங்கி அணிந்து, துப்பாக்கியின் குழாயை இரு கைகளாலும் பற்றி, ஓய்வு நிலையில் நிற்கும் சாதாரணச் சிப்பாய். சிற்பக் கலையில் இது அக்காலத்தில் புதுமை. அதுவரை சிலை என்றால் மன்னனோ தளபதியோதான். பெயரில்லாத சிப்பாயை உயரமான பீடத்தில் ஏற்றியது ஒரு குடிமக்கள் படையின் தன்னுணர்வு.

அந்த ஒரே மாதிரித் தோற்றத்துக்குப் பின்னால் ஒரு வணிகமும் இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் இருந்த மானுமென்டல் புரோன்ஸ் கம்பெனி, துத்தநாகத்தில் வார்த்த சிலைகளை 'வெள்ளை வெண்கலம்' என்ற பெயரில் அட்டவணை பார்த்து வாங்கும்படி விற்றது. கிரானைட்டைவிட மலிவு, பாசி பிடிக்காது என்பது விளம்பரம். அதே நிறுவனம் தென் மாநிலங்களின் கூட்டமைப்புப் படை வீரனையும் வார்த்து விற்றது. வார்ப்பச்சின் பெரும்பகுதி ஒன்றாகவே இருந்து, தொப்பி, இடுப்புப்பட்டை போன்ற சிறு அடையாளங்கள் மாறின. போர்க்களத்தில் எதிரெதிரே நின்றவர்கள் பூங்காக்களில் ஒரே முகத்தோடு நிற்பது பலருக்கு வேடிக்கையாகத் தெரியலாம். அந்தச் சிலைகளை நிறுவியவர்களுக்கு வேறுபாடு மிகத் தெளிவாகவே இருந்தது. பீடத்தில் பொறித்த வாசகங்கள் அதைச் சொல்லின. 'ஒன்றியத்தைக் காத்தவர்கள்' என்று ஒரு தரப்பும், 'தம் மாநிலத்தின் உரிமைக்காக' என்று மறுதரப்பும் எழுதினார்கள். காலம் செல்லச் செல்ல வாசகங்களைப் படிப்பவர் குறைந்தார்கள். சிலையின் வடிவம் மட்டும் கண்ணில் நின்றது.

சிலைக்குப் பணம் இல்லாத கிளைகளுக்குப் பீரங்கி கிடைத்தது. பயன்பாட்டில் இருந்து நீக்கப்பட்ட பீரங்கிகளையும் குண்டுகளையும் சங்கத்தின் கிளைகளுக்கும் ஊராட்சிகளுக்கும் நினைவுச் சின்னமாக வழங்கக் கூட்டரசுச் சட்டம் இடம் கொடுத்தது. சங்கத்தின் ஐந்துமுனை நட்சத்திரப் பதக்கமும் எதிரியிடம் கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தில் வார்க்கப்பட்டதுதான். அதே நட்சத்திர வடிவில் கொடி செருகும் சிறு தண்டுகள் உறுப்பினர்களின் கல்லறைகளில் ஊன்றப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்பும் வெண்கலமும் திரட்டும் இயக்கம் நடந்தபோது, பல ஊர்கள் தங்கள் பீரங்கிகளை உருக்கக் கொடுத்துவிட்டன. ஒரு போரின் நினைவு இன்னொரு போரின் மூலப்பொருளானது. இன்று சில ஊர்களில் பீரங்கி இல்லாத வெறும் பீடம் மட்டும் நிற்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது வகை கட்டடங்கள். கிளைகளுக்குக் கூட்டம் நடத்த ஒரு கூடம் தேவைப்பட்டது. அக்கூடத்தையே நினைவகமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் 1885-இல் கட்டப்பட்ட கூடத்தின் சுவர்களில், அக்கிளையின் உறுப்பினர்களாக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் நிழற்படங்கள் வரிசை வரிசையாக மாட்டப்பட்டுள்ளன. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுச் சட்டம். பென்சில்வேனியாவின் கார்னெகி என்ற சிற்றூரில், ஆண்ட்ரூ கார்னெகியின் கொடையால் எழுந்த நூலகத்தின் மாடியில் தாமஸ் எஸ்பி கிளைக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. கடைசி உறுப்பினர்கள் மறைந்த பிறகு அந்த அறை பூட்டிய நிலையிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. அதனாலேயே நாற்காலிகளும் ஆவணங்களும் பெரும்பாலும் அப்படியே தப்பிப் பிழைத்தன. புறக்கணிப்பைப் போன்ற நல்ல காவலாளி சில நேரம் கிடைப்பதில்லை. அண்மைக்காலத்தில் அவ்வறை மீளமைக்கப்பட்டு, பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. விஸ்கான்சின் மாநிலம் 1901-இல் தன் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்திலேயே இச்சங்கத்துக்கு ஒரு நினைவுக் கூடம் அமைக்கச் சட்டமியற்றியது. அதன் சேகரிப்பில் இருந்தே இன்றைய விஸ்கான்சின் முன்னாள் படைவீரர் அருங்காட்சியகம் வளர்ந்தது.

சிகாகோவின் கதை இவற்றில் சுவையானது. மிச்சிகன் அவென்யூவில் இருந்த டியர்போர்ன் பூங்கா நிலத்தை நகரம் பொது நூலகத்துக்காகக் கேட்டது. ஆனால் அதன் ஒரு பகுதியை மாநிலச் சட்டமன்றம் ஏற்கெனவே முன்னாள் வீரர்களின் அமைப்புக்கு அளித்திருந்தது. இருதரப்பும் விட்டுக்கொடுக்காத நிலையில் எட்டிய உடன்பாடு இதுதான்: நூலகம் கட்டலாம், ஆனால் அதன் வடபகுதியில் கிராண்ட் ஆர்மிக்கு ஒரு நினைவுக் கூடம் அமைய வேண்டும், ஐம்பது ஆண்டுகள் அது அவர்களின் பயன்பாட்டில் இருக்க வேண்டும். 1897-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில், போர்க்களங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்ட சலவைக்கல் கூடமும், அதற்கு மேல் வண்ணக் கண்ணாடிக் குவிமாடமும் உண்டு. தென்பகுதியில் உள்ள டிஃபனி குவிமாடத்தைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் திரள்வதால், வடபகுதிக் குவிமாடம் நீண்ட காலம் அழுக்கும் வண்ணப்பூச்சும் படிந்து மங்கிக் கிடந்தது. 2022-இல் முடிந்த மீளமைப்புப் பணியில்தான் அதன் கண்ணாடிகள் மீண்டும் ஒளி பெற்றன. நூலகம் வேறிடம் சென்றுவிட்டது; கட்டடம் இப்போது சிகாகோ பண்பாட்டு மையம். வீரர்கள் சேர்த்த கொடிகளும் வாள்களும் நகரின் புதிய மைய நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில் இருக்கின்றன. கூடம் ஓரிடத்திலும் பொருள்கள் வேறிடத்திலும் இருக்கும் இந்தப் பிரிவு எனக்கு அவ்வளவு உவப்பானதாக இல்லை. பொருள்களின் பாதுகாப்புக்கு அதுவே நல்லது என்று காப்பாளர்கள் சொன்னால் மறுக்கவும் முடியாது.

போர்க்களங்களையே நினைவுச் சின்னமாக மாற்றியதிலும் இச்சங்கத்தினர் பங்கு பெரிது. கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைக் காக்க 1864-இலேயே ஒரு கழகம் தொடங்கப்பட்டிருந்தாலும், 1880 வாக்கில் கிராண்ட் ஆர்மியினர் அதன் நிர்வாகத்துக்கு வந்த பிறகே ஒவ்வொரு படைப்பிரிவும் தான் நின்ற இடத்தில் ஒரு கல் நிறுவும் வழக்கம் வேகம் பிடித்தது. 1895-இல் அந்நிலம் கூட்டரசின் போர்த்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கே 1,300-க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் வேறுவிதமான இடம். தென்தரப்பு நடத்திய அந்தச் சிறை முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். தெற்கில் குடியேறியிருந்த சங்க உறுப்பினர்கள் 1890 வாக்கில் அந்நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். பராமரிக்க வசதி போதாமல் பெண்கள் அமைப்பிடம் கொடுத்தார்கள். பெண்கள் அதைச் சீர்படுத்தி 1910-இல் அரசுக்குக் கொடையாக வழங்கினார்கள். எதிரியின் மண்ணில், எதிரி மறக்க விரும்பிய ஓரிடத்தை விலை கொடுத்து வாங்கிக் காத்தது, இச்சங்கத்தின் செயல்களில் நான் மிக உயர்வாக மதிப்பது.

தெற்கோடு அவர்கள் கொண்டிருந்த உறவு எப்போதும் இழுபறியாகவே இருந்தது. 1887-இல், கைப்பற்றிய தென்தரப்புப் படைக்கொடிகளை அந்தந்த மாநிலங்களிடம் திருப்பித் தர கிளீவ்லாந்தின் அரசு முடிவெடுத்தபோது, சங்கத்தின் தலைவர் லூசியஸ் ஃபேர்சைல்டு கடும் சினத்தோடு எதிர்த்தார். ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதே கொடிகள் 1905-இல் நாடாளுமன்றத்தின் தீர்மானத்தால் பெரிய எதிர்ப்பு ஏதுமின்றித் திரும்பின. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் கிழவர்களின் கோபம் தணிந்திருந்தது. ஸ்பானியப் போரில் வடக்கும் தெற்கும் ஒரே சீருடையில் சென்றிருந்தன. 1913-இல் கெட்டிஸ்பர்க்கின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் கூடி, ஒருகாலத்தில் சுட்டுக்கொண்ட கற்சுவருக்கு மேலே கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தச் சமரசத்துக்குக் கொடுத்த விலை, போர் எதற்காக நடந்தது என்ற கேள்வி. இருதரப்பும் வீரத்தோடு போரிட்டன என்பதை ஏற்பது எளிது. அடிமைமுறையைக் காக்கவே ஒரு தரப்பு போரிட்டது என்று விழா மேடையில் சொல்வது கடினம். சங்கத்தின் பழைய உறுப்பினர்களில் பலர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிப் பாடநூல்கள் தென்தரப்பின் வாதத்தைப் பூசி மெழுகுவதைக் கண்டித்துத் தீர்மானங்கள் போட்டார்கள். ஆனால் அவர்கள் எழுப்பிய சிலைகள் அதைச் சொல்லவில்லை. ஓய்வு நிலையில் நிற்கும் சிப்பாய் எதற்கும் சாட்சி சொல்வதில்லை.

இங்கே கறுப்பின உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒன்றியத் தரைப்படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். இனப்பிரிவினை சட்டமாகிக்கொண்டிருந்த காலத்தில், கிராண்ட் ஆர்மியின் விதிகளில் நிறத்துக்கு இடமில்லை; முன்பு குறிப்பிட்ட எஸ்பி கிளையைப் போல இரு இனத்தவரும் ஒரே அறையில் அமர்ந்த கிளைகள் இருந்தன. நடைமுறையில் தனித்தனிக் கிளைகளே அதிகம் என்பதும், உயர்பொறுப்புகள் பெரும்பாலும் வெள்ளையரிடமே இருந்தன என்பதும் உண்மை. லூசியானாவிலும் மிசிசிப்பியிலும் வெள்ளை உறுப்பினர்கள் கறுப்பினத்தவருக்குத் தனி மாநிலப் பிரிவு வேண்டும் என்று வற்புறுத்தியபோது, 1891-இல் டெட்ராய்ட் நகரில் கூடிய தேசிய மாநாடு அதை நிராகரித்தது. ஒரு முன்னாள் வீரர் தோளோடு தோள் நின்றவரை நிறத்தால் ஒதுக்குவதை ஏற்க முடியாது என்ற நிலைப்பாடு அங்கே வென்றது. அதே சங்கத்தினர் எழுப்பிய நூற்றுக்கணக்கான சிப்பாய்ச் சிலைகளில் கறுப்பின முகம் மிக அரிது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விதிப்புத்தகத்தில் கிடைத்த இடம் பீடத்தின்மேல் கிடைக்கவில்லை.

சங்கத்தின் கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1949-இல் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த இறுதி மாநாட்டின்போது உயிரோடிருந்த உறுப்பினர்கள் 16 பேர். வந்தவர்கள் ஆறு பேர். அஞ்சல் துறை அதையொட்டி மூன்று சென்ட் அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது. இரண்டாண்டு கழித்துத் தென்தரப்பு முன்னாள் வீரர்களின் சங்கம் தன் இறுதிக் கூடலை நடத்தியபோதும் ஓர் அஞ்சல்தலை வெளியானது. வடிவமைப்பு ஏறத்தாழ அதேதான், நிறம் மட்டும் சிவப்புக்குப் பதில் சாம்பல். துத்தநாகச் சிலை வணிகர் செய்ததை அரசு அஞ்சல்தலையில் செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் 1956 ஆகஸ்ட் 2 அன்று மின்னசோட்டாவின் டுலூத் நகரில் இறந்தார். அன்று அவருக்கு 109 வயது என்று நம்பப்பட்டது. பிற்காலத்தில் மக்கள்தொகைக் கணக்குப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 106 என்கிறார்கள். அவர் இறந்ததோடு விதிப்படி சங்கமும் கலைந்தது. அடுத்த மாதமே கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அவருடைய வெண்கலச் சிலை, சங்கம் முழுமைக்குமான நினைவுச் சின்னமாகத் திறக்கப்பட்டது. ஏவார்ட் ஃபேர்பேங்க்ஸ் வடித்த அச்சிலையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கும் முதியவரைக் காணலாம். டுலூத்திலும் அதே வார்ப்பு ஒன்று உண்டு. உல்சன் 1864-இன் பிற்பகுதியில் முரசறையும் சிறுவனாகப் படையில் சேர்ந்தவர். அவருடைய பிரிவு எந்தச் சண்டையிலும் ஈடுபடவில்லை, கெட்டிஸ்பர்க்கோ அவர் சேருவதற்கு ஓராண்டுக்கும் முன்பே முடிந்துபோன போர். ஆயிரக்கணக்கானோர் மடிந்த களத்தில் சண்டையே காணாத ஒருவரின் சிலை நிற்பதில் முரண் இருப்பதாகச் சிலர் கருதலாம். சின்னம் நினைவுகூர்வது போரை அல்ல, போருக்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு சங்கத்தை என்பதை ஏற்றால் அது பொருத்தமான தேர்வே.

இவற்றுக்கெல்லாம் மேலாக நீளத்தில் பெரிய சின்னம் ஒன்று இருக்கிறது. மாசசூசெட்ஸின் புராவின்ஸ்டவுனில் தொடங்கிக் கலிஃபோர்னியாவின் பிஷப் நகரில் முடியும் ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலை, 14 மாநிலங்கள் வழியாக 5,000 கிலோமீட்டருக்கும் மேல் செல்கிறது. அதற்குச் சங்கத்தின் பெயரைச் சூட்டும் யோசனை 1930-களில் எழுந்து, மாநிலம் மாநிலமாக ஏற்கப்பட்டு, 1953-இல் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. முயற்சியின் பின்னால் இருந்தவர்கள் வீரர்களின் மகன்களுக்கான அமைப்பினர். தென்தரப்பின் பெண்கள் அமைப்பு, தங்கள் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் பெயரில் ஒரு நெடுஞ்சாலைக்காக 1913 முதலே முயன்றுவந்தது என்பதை நினைவில் கொண்டால், இதில் பழைய போட்டியின் எச்சம் தெரியும். ஆறாம் நெடுஞ்சாலை கடக்கும் மாநிலங்களில் ஒன்றுகூடக் கூட்டமைப்பில் சேர்ந்ததல்ல. சாலையோரத்துப் பழுப்பேறிய பலகைகளைத் தவிர அப்பெயரை யாரும் சொல்வதில்லை. ஓட்டுநர்களுக்கு அது வெறும் 'ரூட் சிக்ஸ்'. புரூக்ளின் நகரப் பகுதியில் 1926-இல் இச்சங்கத்தின் அறுபதாம் ஆண்டையொட்டிப் பெயர் மாற்றப்பட்ட கிராண்ட் ஆர்மி பிளாசாவில் சுரங்க இரயில் நிலையம் இருப்பதால், அப்பெயர் தினமும் ஆயிரக்கணக்கானோரின் வாயில் புழங்குகிறது. எந்தப் படை என்று அவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. எனினும், புழக்கத்தில் இருப்பதால் அச்சதுக்கத்தின் வளைவு பழுதுபார்க்கப்படுகிறது; புழக்கமற்ற கிராமத்துச் சிப்பாய் துத்தநாகம் பிளந்து சாய்கிறார்.

இச்சங்கத்தோடு தொடர்புடைய சின்னங்களில் மிகப் பெரியது, அதன் பெயரைத் தாங்காத ஒன்று. 1915-இல், போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டையொட்டி வாஷிங்டனில் கிராண்ட் ஆர்மியின் தேசிய மாநாடும் அணிவகுப்பும் நடந்தன. அரை நூற்றாண்டுக்கு முன்பு அதே வீதியில் நடந்த வெற்றி அணிவகுப்பில் கறுப்பினப் படைப்பிரிவுகளுக்கு இடம் தரப்படவில்லை. 1915-இல் கூடிய கறுப்பின முன்னாள் வீரர்கள், தலைநகரில் இன்னமும் தாங்கள் சந்திக்க நேர்ந்த பாகுபாட்டால் மனம் கசந்து, தங்கள் இனத்தவரின் படைப்பணிக்கு ஒரு தேசிய நினைவகம் கேட்டு ஒரு குழுவை அமைத்தார்கள். 1929-இல் நாடாளுமன்றம் அதற்கு இசைவளித்தது, பணம் ஒதுக்கவில்லை. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் திட்டம் முடங்கியது. கறுப்பின வீரர்களுக்கான நினைவுச் சின்னம் 1998-இல் அந்நகரின் யு தெருவில் 2,09,145 பெயர்களோடு எழுந்தது. 1915-இன் குழு விதைத்த கோரிக்கையோ விரிந்து விரிந்து, 2003-இல் சட்டமாகி, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகமாக 2016-இல் திறக்கப்பட்டது. அப்போது அந்தக் குழுவினர் எவரும் உயிரோடில்லை. ஸ்டீஃபன்சன் தூணில் இருந்து அந்தக் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம்.